ஃபிராங்கோவின் ஆட்களே ஃபிராங்கோவின் ஆட்சிக்கு முடிவுரை எழுதிய கதை

போன இதழில் ஸ்பெயினைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 1975-ல் சர்வாதிகாரி ஃபிராங்கோ செத்த பிறகு அங்கே ஜனநாயகம் வந்தது தெருப் புரட்சியால் அல்ல, அவர் ஆட்சியில் பதவி வகித்தவர்களே உள்ளே இருந்து அதைக் கழற்றிப் போட்டதால் என்று. அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள்! பாதி கோபம், பாதி சந்தேகம். இந்த மாதம் முழுக்க ஸ்பெயின்தான்.

எங்கள் அரசியல் அறிவியல் சார், ஜனநாயகத்தை மக்கள்தான் கொண்டுவருகிறார்கள் என்று பாடம் நடத்துகிறார். நீங்கள் பெரிய மனிதர்கள் கொண்டுவந்தார்கள் என்கிறீர்கள். பரீட்சையில் எதை எழுதட்டும்?
*கல்லூரி மாணவி, கோவில்பட்டி*

பரீட்சையில் சார் சொன்னதையே எழுதும்மா. மார்க் அவர் கையில் இருக்கிறது. அதுவும் போக, அவர் சொல்வதில் தப்பும் இல்லை, பாதியை விட்டுவிட்டார், அவ்வளவுதான். நானும் அந்த நாலு வரியில் மறு பாதியை விட்டிருந்தேன், இடம் இல்லை.

ஃபிராங்கோ இறந்தது 1975 நவம்பர் 20. இரண்டு நாளில் ஹுவான் கார்லோஸ் ராஜாவானார். அவரை 1969-லேயே வாரிசாகத் தேர்ந்தெடுத்து வைத்ததும் ஃபிராங்கோதான். பிரதமராகத் தொடர்ந்தவர் அரியாஸ் நவாரோ. ஃபிராங்கோ இறந்த செய்தியை டிவியில் கண்ணீரோடு வாசித்தவர் அவர். இப்படிப்பட்டவர் தலைமையில்தான் சீர்திருத்தம் ஆரம்பித்தது. சுவரை இடிக்காமல் வெள்ளையடிக்கிற மாதிரிச் சீர்திருத்தம்.

அதை நடக்கவிடாமல் செய்தவர்கள் தொழிலாளர்கள். 1976 ஜனவரியில் மாட்ரிட் மெட்ரோ ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ராணுவத்தை இறக்கி ரயிலை ஓட்ட வேண்டியதாயிற்று. தபால் ஊழியர்களை ராணுவச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்து வேலைக்கு இழுத்தார்கள். சுதந்திரமாகச் சங்கம் வைப்பதும் வேலைநிறுத்தம் செய்வதும் குற்றமாக இருந்த நாட்டில் இது நடக்கிறது, கவனி. மார்ச் 3 அன்று விட்டோரியா நகரில் வேலைநிறுத்தக்காரர்கள் ஒரு தேவாலயத்துக்குள் கூட்டம் போட்டார்கள். போலீஸ் உள்ளே கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது. மூச்சு முட்டி வெளியே ஓடிவந்தவர்களைச் சுட்டது. 5 பேர் செத்தார்கள். அப்போது உள்துறை அமைச்சர் மனுவேல் ஃபிராகா. பெயரை ஞாபகம் வைத்துக்கொள், இந்த ஆள் மறுபடி வருவார்.

ஜூலை 1 அன்று ராஜா அரியாஸை ராஜினாமா செய்யவைத்தார். அந்த அரை வருஷத்தை இப்படித்தான் நான் பார்க்கிறேன்: பழைய ஆட்சியை இனி நடத்த முடியாது என்ற நிலைக்குக் கொண்டுவந்தது கீழே இருந்தவர்கள். ஆனால் அவர்களால் அதைக் கவிழ்க்க முடியவில்லை. ராணுவம், போலீஸ், நீதிமன்றம் எதிலும் ஒரு கீறல்கூட விழவில்லை. கவிழ்க்க முடியாததைக் கழற்ற வேண்டும் என்றால் உள்ளே இருக்கிற ஆள் வேண்டும். அந்த ஆள் நல்லவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கணக்குத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

யார் இந்த சுவாரெஸ்? பெரிய போராளியா?
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி*

போராளியாவது! ஃபிராங்கோ காலத்தில் அரசு டிவிக்குத் தலைவர். பிறகு ஃபிராங்கோவின் ஒரே கட்சியான 'தேசிய இயக்க'த்துக்குப் பொறுப்பு அமைச்சர். ஆவிலா பக்கத்துச் சின்ன ஊர்க்காரர், 43 வயது, பார்க்க லட்சணமானவர், எவரிடமும் சிரித்துப் பேசிக் காரியம் சாதிக்கிறவர். அடால்ஃபோ சுவாரெஸ் பிரதமர் என்று 1976 ஜூலை 3 அன்று அறிவித்ததும் எதிர்க்கட்சிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். 'என்ன ஒரு தவறு, எவ்வளவு பெரிய தவறு!' என்று ஒரு வரலாற்றாசிரியர் நாளிதழில் கட்டுரையே எழுதினார். (அதே மனிதர் சில வருஷம் கழித்து சுவாரெஸின் மந்திரிசபையில் கலாச்சார அமைச்சர். பத்திரிகையில் எழுதுகிறவர்களின் கோபத்தை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், என்னையும் சேர்த்து.)

அவரைக் கண்டுபிடித்தவர் தொர்க்வாத்தோ ஃபெர்னாண்டஸ் மிராண்டா. சட்டப் பேராசிரியர், இளவரசராக இருந்த காலத்தில் ஹுவான் கார்லோஸுக்குப் பாடம் நடத்தியவர். ராஜா விரும்பியவரையெல்லாம் பிரதமராக்க முடியாது, 'அரச கவுன்சில்' என்ற சபை கொடுக்கிற மூன்று பெயரில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கவுன்சிலுக்குத் தலைவரே மிராண்டா. பெரிய பெரிய பெயர்களை விவாதத்தில் ஒவ்வொன்றாக உதிரவிட்டு, யாருக்கும் பயம் தராத சின்னப் பையன் பெயரைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு வெளியே வந்தார். நிருபர்களிடம் சொன்னது ஒரே வரி: 'ராஜா என்னிடம் கேட்டதை அவருக்குக் கொடுக்கிற நிலையில் இருக்கிறேன்.'

ஒரு சர்வாதிகாரியின் பாராளுமன்றம் தன்னைத்தானே கலைத்துக்கொள்ள ஓட்டுப் போட்டது என்கிறீர்கள். அவர்களுக்கு என்ன பைத்தியமா?
*மளிகைக் கடைக்காரர், விருதுநகர்*

நல்ல கேள்வி. வியாபாரி கேட்கிற கேள்வி. அவர்களுக்கு என்ன லாபம் என்றுதானே கேட்கிறீர்கள்?

முதலில் அந்த சபை யாரால் ஆனது என்று பாருங்கள். கொர்தெஸ் என்று பெயர். ஃபிராங்கோ நியமித்தவர்கள், மேயர்கள், அரசு சங்கத் தலைவர்கள், பல்கலைக்கழகத் துணைவேந்தர்கள், சில பிஷப்புகள். 'எல்லாவற்றையும் கட்டி, நன்றாக இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன்' என்று ஃபிராங்கோ பேசியது இவர்களை நம்பித்தான்.

மிராண்டாவின் மூளை இங்கேதான் வேலை செய்தது. ஃபிராங்கோவின் அடிப்படைச் சட்டங்களை மாற்ற வழியே இல்லை என்பதில்லை. சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டும் பொதுவாக்கெடுப்பும் இருந்தால் மாற்றலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. சரி, அதன்படியே போவோம் என்றார். சட்டத்திலிருந்து சட்டத்துக்கு, நடுவில் ஒரு நாள்கூட சட்டமில்லாத நாள் வேண்டாம். ராணுவ அதிகாரி, நீதிபதி, தாசில்தார் மாதிரி உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நினைத்துப் பாருங்கள். எதையும் மீறவில்லை, கையெழுத்துப் போட்டால் போதும்.

மசோதா சின்னது. இரண்டு சபை, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், அவ்வளவுதான் சாரம். கம்யூனிஸ்ட் கட்சி என்ற பேச்சே அதில் இல்லை. அதை முன்மொழிந்து பேச யாரை நிறுத்தினார்கள் தெரியுமா? ஃபிராங்கோ ஆட்சி தெய்வமாகக் கும்பிட்ட ஃபலாங்கே இயக்கத்தை நிறுவிய ஹோசே அந்தோனியோ பிரிமோ தே ரிவேராவின் சொந்தத் தம்பி மகனை. அந்தக் குடும்பமே சொல்கிறது என்றால் எதிர்த்துப் பேச வாய் வருமா?

அப்புறம் நீங்கள் கேட்ட லாபம். புதிய செனட்டில் 41 பேரை ராஜாவே நியமிக்கலாம். கீழ்ச் சபைத் தேர்தல் முறையில், ஆள் குறைந்த கிராமத்து மாகாணங்களுக்கும் குறைந்தபட்ச இடங்கள் உண்டு. பழைய ஆட்களுக்குச் செல்வாக்கு அங்கேதான். பழைய ஆட்சியில் செய்ததற்காக யார் மீதும் வழக்கு வரும் என்ற பேச்சு இல்லை. பென்ஷன், வேலை, வீடு எதுவும் போகாது. மறுபக்கம் பயம்: இதை நிராகரித்தால் விட்டோரியா மாதிரி ஊருக்கு ஊர் நடக்கும், அப்போது அவர்களைக் காப்பாற்ற ராஜா இருக்க மாட்டார்.

1976 நவம்பர் 18. ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட, அவரவர் வாயால் ஆம், இல்லை சொல்ல வேண்டும். ஆம் 425, இல்லை 59, நடுநிலை 13. முடிவு வந்ததும் சுவாரெஸ் நாற்காலியில் அப்படியே பின்னால் சாய்ந்து பெருமூச்சு விட்டார், படங்களில் பார்க்கலாம். டிசம்பர் 15 பொதுவாக்கெடுப்பில் 94 சதவீதம் ஆம்.

அந்த 425 பேரும் ஒரே இரவில் ஜனநாயகவாதி ஆகிவிட்டார்கள் என்று நம்பாதீர்கள். கடையைப் போண்டியாக விடுவதைவிட நல்ல விலைக்குக் கைமாற்றிவிடலாம் என்று தீர்மானித்தார்கள். உங்களுக்குப் புரியும்.

கம்யூனிஸ்ட் கட்சி ராஜாவையும் ராஜாவின் கொடியையும் ஏற்றுக்கொண்டது. இதற்குத் துரோகம் என்பதைத் தவிர வேறு பெயர் உண்டா?
*மில் தொழிற்சங்க உறுப்பினர், கோவை*

தோழர், உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வரிசையாகப் பாருங்கள்.

சாந்தியாகோ கரியோ, கட்சிப் பொதுச்செயலாளர். ஃபிராங்கோ ஜெயித்து ஆட்சியைப் பிடித்த உள்நாட்டுப் போரில் தோற்று 1939-லிருந்து வெளிநாட்டில். 1976 தொடக்கத்தில் ரகசியமாக நாட்டுக்குள் வந்து, தலையில் விக் வைத்துக்கொண்டு மாட்ரிட்டில் நடமாடினார். டிசம்பரில் அந்த விக்கோடு போலீஸ் பிடித்து, ஒரு வாரம் போல வைத்திருந்து விட்டுவிட்டது. விட்டதே ஒரு செய்திதான்.

1977 ஜனவரி 24 இரவு, மாட்ரிட் அதோச்சா தெருவில் தொழிலாளர் வழக்குகளை நடத்துகிற வக்கீல்களின் அலுவலகத்தில் வலதுசாரிகள் நுழைந்து சுட்டார்கள். 5 பேர் இறந்தார்கள். கட்சி பதிலடி கொடுக்கும், ராணுவம் வெளியே வரும், எல்லாம் முடியும் என்பதுதான் சுட்டவர்களின் கணக்கு. என்ன நடந்தது? சவ ஊர்வலத்தில் பெருங்கூட்டம், கோஷம் இல்லை. கட்சியின் தொண்டர்களே கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார்கள். சட்டப்படி இல்லாத ஒரு கட்சி, தலைநகரின் நடுவில், ஒரு கண்ணாடி உடையாமல் ஊர்வலம் நடத்திக் காட்டியது. பிப்ரவரி கடைசியில் மாட்ரிட்டுக்கு வெளியே ஒரு வீட்டில் சுவாரெஸும் கரியோவும் ரகசியமாகச் சந்தித்து மணிக்கணக்கில் பேசினார்கள். ஏப்ரல் 9, புனித வாரத்துச் சனிக்கிழமை, மாட்ரிட்டே காலி, அதிகாரிகள் எல்லாம் விடுமுறையில். அன்று கட்சியைச் சட்டப்படி ஆக்கினார் சுவாரெஸ். வானொலியில் செய்தி வாசிக்க ஓடிவந்தவருக்கு மூச்சு வாங்கி, நேரலையில் பேச்சே வராமல் நின்றுவிட்டது. கடற்படை அமைச்சர் ராஜினாமா செய்தார். 5 நாள் கழித்து கரியோ ராஜாவின் கொடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிருபர்களைச் சந்தித்தார்.

ஆக, ஒழுங்காக நடந்துகொண்டதன் மூலம் கட்சி சட்டப்படியான இடத்தை வாங்கியது. துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விலை அதிகம் என்று சொல்வேன். அக்டோபரில் மொன்க்லோவா மாளிகையில் எல்லாக் கட்சிகளும் பொருளாதார ஒப்பந்தம் போட்டன. விலைவாசி வருஷத்துக்கு 25 சதவீதத்தைத் தாண்டி ஏறுகிறது, சம்பள உயர்வுக்கு உச்சவரம்பு 22 சதவீதம். மெட்ரோவை நிறுத்தியவர்களும் விட்டோரியாவில் குண்டடி பட்டவர்களும் வயிற்றைக் கட்டினார்கள். ஒப்பந்த மேசையில் ஒருவருக்கும் வயிறு காயவில்லை. கட்சிக்கு என்ன கிடைத்தது? 1979-ல் 23 இடம், 1982-ல் 4.

உங்களை இன்னும் எரிச்சல்படுத்த ஒரு தகவல். விட்டோரியாவின் ஃபிராகாவும் கம்யூனிஸ்ட் ஜோர்டி சொலே துராவும் ஒரே மேசையில் உட்கார்ந்து அரசியலமைப்பை எழுதினார்கள். எழுதிய 7 பேரில் இந்த இரண்டு பேரும் உண்டு. வேலை நடுவில் சிக்கிக்கொண்டபோது, 1978 மே மாதத்து ஒரு ராத்திரி, சுவாரெஸின் ஆளுங்கட்சி சார்பில் அப்ரில் மார்தொரேலும் சோஷலிஸ்ட் சார்பில் அல்ஃபோன்சோ குவெர்ராவும் மாட்ரிட்டில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து விடியும்வரை பேசி இருபதுக்கும் மேற்பட்ட ஷரத்துகளைத் தீர்த்துவிட்டு எழுந்தார்கள். கல்வி, மதம், வேலைநிறுத்த உரிமை எல்லாம் அதில் அடக்கம். பாராளுமன்றக் குறிப்பேட்டில் அந்த ராத்திரி இருக்காது.

1981-ல் ராணுவப் புரட்சியை ராஜா தனி ஆளாகத் தடுத்தார் என்று படித்தேன். உண்மையா?
*பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்*

அந்த இரவு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மதுரையில் ஒரு நாளிதழில் இரவுப் பணி உதவி ஆசிரியராக இருந்தேன். மாட்ரிட்டில் மாலை 6.23, நமக்கு ராத்திரி 11 மணிக்கு ஏழு நிமிஷம் குறைவு. வெளியூர்ப் பதிப்பு லாரியில் ஏறிவிட்டது. டெலிபிரிண்டர் மணி அடித்து இரண்டு வரி துப்பியது: ஸ்பெயின் பாராளுமன்றத்தில் துப்பாக்கியோடு போலீஸ்காரர்கள் நுழைந்துவிட்டார்கள். அப்புறம் ஒரு வரி, அப்புறம் முந்தினதை மறுக்கிற ஒரு வரி. நகரப் பதிப்பில் 'ஸ்பெயின் பாராளுமன்றத்தில் துப்பாக்கிச் சூடு' என்று மட்டும் போட்டோம். யார் ஜெயித்தார்கள் என்று போட வழியில்லை. ராஜா டிவியில் தோன்றியபோது அங்கே ராத்திரி 1.14, இங்கே விடியப் போகிறது, பையன்கள் சைக்கிளில் பேப்பர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இது. லெப்டினன்ட் கர்னல் தெஹேரோ சுமார் 200 சிவில் கார்டு (ராணுவப் பாணிப் போலீஸ்) வீரர்களோடு சபைக்குள் புகுந்து கூரையைப் பார்த்துச் சுட்டார். குண்டு துளைத்த ஓட்டைகளை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள். உறுப்பினர்கள் எல்லாரும் இருக்கைக்கு அடியில் படுத்துவிட்டார்கள். படுக்காதவர்கள் மூன்று பேர். ஏற்கெனவே ராஜினாமா செய்துவிட்டு அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுக்க வந்திருந்த சுவாரெஸ். துணைப் பிரதமர் ஜெனரல் குத்தியெரஸ் மெயாதோ: 68 வயதில் எழுந்து போய்த் துப்பாக்கிக்காரர்களை வெளியே போகச் சொன்னார், தெஹேரோ அவரைக் கீழே தள்ளப் பார்த்தார், முடியவில்லை. மூன்றாவது, கரியோ. மெயாதோ உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோ பக்கம், கரியோ எதிர்ப்பக்கம்.

ராஜா தடுத்தாரா? தடுத்தார். தளபதிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு அடக்கினார். வலென்சியாவில் ஜெனரல் மிலான்ஸ் தெல் போஷ் தெருவில் டாங்கிகளை இறக்கியிருந்தார், அவரும் திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் 'தனி ஆளாக' என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. சதியில் முக்கியமான ஜெனரல் அர்மாதா, ராஜாவின் பல வருஷத்துச் செயலாளர். சுவாரெஸ் மீது ராஜா அலுத்துப்போய்ப் பேசிக்கொண்டிருந்தது பல ஜெனரல்களின் காதில் விழுந்திருந்தது. ராஜாவே விரும்புகிறார் என்று சதிகாரர்கள் நம்ப இடம் கொடுத்ததில் அவருக்கும் பங்கு உண்டு. இன்னொன்று, தளபதிகள் அவர் பேச்சைக் கேட்டது அரசியலமைப்புக்காக அல்ல. ஃபிராங்கோ நியமித்த வாரிசு, முப்படைத் தலைவர் என்பதற்காக. அவர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் பலர் அதையும் செய்திருப்பார்கள். ஒரு நாட்டின் ஜனநாயகம் ஒரு ராத்திரி முழுக்க ஒருவரின் டெலிபோனில் தொங்கியது என்பது பெருமைப்பட வேண்டிய விஷயமா, டீச்சர்?

அந்த ராஜா 2014-ல் மகனுக்குப் பட்டம் கொடுத்து விலகினார், பண விவகாரங்கள் வெளியே வந்த பிறகு 2020-ல் அபுதாபி போய்ச் சேர்ந்தார்.

எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். செத்தவர்கள் கணக்கு?
*வழக்கறிஞர், திருநெல்வேலி*

1977 அக்டோபர் 15 பொதுமன்னிப்புச் சட்டம். அரசியல் கைதிகளை விடுவிக்க எதிர்க்கட்சிகள் கேட்டு வாங்கியது. அதே சட்டத்தில் பழைய ஆட்சியின் போலீஸையும் அதிகாரிகளையும் காப்பாற்றும் ஷரத்துகளும் போய் உட்கார்ந்துகொண்டன. உள்நாட்டுப் போரிலும் அதன் பிறகும் சுட்டுப் புதைக்கப்பட்டு அடையாளம் தெரியாமல் கிடப்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். லெயோன் மாகாணத்தில் பிரியரான்ஸா என்ற ஊரில் சாலையோரக் குழியைத் தோண்டி 13 உடல்களை எடுத்தது 2000-ல். அதுவும் அரசாங்கம் இல்லை, ஒரு பேரன் முன்கை எடுத்து நடந்தது.

சித்திரவதைப் புகார்களில் பேர்போன மாட்ரிட் போலீஸ் அதிகாரி ஒருவரை ஒப்படைக்கும்படி அர்ஜென்டினா நீதிபதி கேட்டார். 2014-ல் ஸ்பெயின் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர் 2020-ல் கொரோனாவில் செத்தார், வாங்கிய பதக்கங்கள் பத்திரமாக, அந்த வழக்கில் விசாரணைக்கு நிற்காமலே. வக்கீல் சார், மேலிடத்து ஒப்பந்தங்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்: மேசையில் இல்லாதவர் தலையில் என்ன எழுதியிருக்கிறார்கள்.

இதே வித்தை மியான்மரில் ஏன் பலிக்கவில்லை?
*வாசகர், சென்னை வியாசர்பாடி*

உங்கள் பேட்டையில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் நிறைய, அந்த அக்கறை புரிகிறது. அங்கே ஜெனரல்கள் எதையும் கைமாற்றவே இல்லை, வாடகைக்கு விட்டார்கள். 2008 அரசியலமைப்பில் பாராளுமன்றத்தின் கால்வாசி இடம் ராணுவத்துக்கு. அரசியலமைப்பை மாற்ற 75 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வேண்டும், அதாவது ராணுவம் சம்மதிக்காமல் ஒரு வரி நகராது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றுக்கும் தளபதியே அமைச்சர்களைத் தருவார். 2020 தேர்தலில் ஆங் சான் சூச்சி கட்சி மறுபடி பெரிதாக ஜெயித்தது, 2021 பிப்ரவரி 1 அன்று வீட்டுக்காரர் வந்து பூட்டிவிட்டார். ஸ்பெயினில் சுவாரெஸ் 1977-லேயே தரை, கடல், விமானப் படைகளுக்கு இருந்த மூன்று தனித்தனி அமைச்சகங்களைக் கலைத்து ஒரே பாதுகாப்பு அமைச்சகமாக்கினார், 1979-ல் அதற்கு ராணுவத்தைச் சேராத ஒருவரை அமைச்சராகப் போட்டார். 1981 பிப்ரவரியில் தெஹேரோ கூட்டம் பாராளுமன்றத்துக்குள் புகுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் செய்தார்.

சுவாரெஸுக்கு மக்கள் என்ன பரிசு கொடுத்தார்கள்?
*வாசகர், தஞ்சாவூர்*

1979-ல் அவர் தலைமையில் 168 இடம் வாங்கிய கட்சி 1982 அக்டோபரில் 11 இடத்துக்கு வந்தது. அதற்குள் அவர் அதிலிருந்து விலகித் தனிக் கட்சி வைத்திருந்தார். அதற்கு 350-ல் 2 இடம். ஒன்று அவருடையது, இன்னொன்று முந்தின பதிலில் சொன்ன அந்தப் பாதுகாப்பு அமைச்சர் ரோட்ரிகஸ் சாஹகூனுடையது. 2014-ல் சுவாரெஸ் இறந்ததும் மாட்ரிட் விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

தென்னாப்பிரிக்கா பற்றி வந்த கேள்விகள் அடுத்த இதழில்.